வேட்பாளர் சொல்லும் ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’: எதை வைத்து எடை போடுவது? (சென்னைத் தொகுதிகள்)

கழுவெளி எழுதியது:

வீட்டுக்கு வரும் துண்டறிக்கை எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: “நீர்நிலைகள் மீட்கப்படும், பசுமை பேணப்படும்.” இதை யாரும் மறுக்க முடியாது. அதனாலேயே இதை வைத்து யாரையும் எடை போடவும் முடியாது.

இழைக்கு ஒரே விதி. கட்சிப் பெயரும் வேட்பாளர் பெயரும் வேண்டாம். எந்த வேட்பாளரிடமும் கேட்கக்கூடிய கேள்வி, பார்க்கக்கூடிய ஆவணம், அதில் எங்கே கோட்டை விடுவோம், இவை மட்டும் பேசுவோம்.

என் அளவுகோல் இது: எந்த இடம், எந்தத் துறை, எந்தத் தலைப்பில் பணம், எந்தத் தேதிக்குள். நான்கும் இருந்தால்தான் அது வாக்குறுதி. பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்ளுங்கள். “சதுப்பு நிலத்தைக் காப்போம்” என்பதற்குப் பொருளே இல்லை. 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பரப்பு 1,247.54 ஹெக்டேர். அதில் காப்புக்காடாக வனத்துறையின் கையில் இருப்பது சுமார் 700 ஹெக்டேர்தான். மிச்சத்தில் மற்ற அரசுத் துறைகளின் நிலமும் வருகிறது, பட்டா நிலமும் வருகிறது. சண்டை முழுக்க அந்த மிச்சத்தில்தான் நடக்கிறது. எனவே “ராம்சார் எல்லையை சர்வே எண் வாரியாக வெளியிட வைப்பேன், அந்த எண்களில் கட்டட அனுமதி கொடுப்பதை எதிர்ப்பேன்” என்று ஒருவர் எழுதித் தந்தால் அது வாக்குறுதி. எழுதித் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கூடவே 2017-ம் ஆண்டு ஈரநில விதிகளின் விதி 4-ஐப் படித்துவிடுங்கள். ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, கடந்த 10 ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. வேட்பாளருக்கு இந்த 50 மீட்டர் தெரிந்திருக்கிறதா என்பதே ஒரு நல்ல முதல் கேள்வி. ஏனென்றால் அந்த மட்டத்தை அளந்து கல் நட்டால்தான் விதிக்கு உயிர்.

---

பக்கிங்காம் எழுதியது:

நல்ல தொடக்கம் சார். ஒண்ணு சேர்க்கணும். எந்தப் பதவிக்கு நிக்கிறார்னு பார்க்காம கேள்வி கேட்டா நம்ம கேள்வியே வீணாப் போகும்.

கவுன்சிலர்: குப்பை பிரிப்பு, மழைநீர் வடிகால், தெரு மரம், பூங்கா, ஏரியா சபா (வார்டுக்குள்ள பகுதி மக்கள் கூட்டம்). இது நேரா அவர் மேஜை. மாமன்றத்துல 200 வார்டுக்கும் தீர்மானம் ஓடும்போது எதுக்குக் கை தூக்கினார்னு பாருங்க.

எம்எல்ஏ: தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். ஆனா அவருடைய உண்மையான பலம் பணத்துல இல்லை. நில வகைப்பாடு மாற்றம், நீர்வளத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எல்லாமே மாநிலத்தின் கையில். சட்டமன்றத்துல அந்தத் துறைகளோட மானியக் கோரிக்கை வரும்போது பேசுறாரா, தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கிறாரா, அதைப் பாருங்க.

எம்பி: கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, துறைமுகம், அனல்மின் நிலையத்துக்கான மத்திய அனுமதி. தொகுதி நிதி 5 கோடி. மக்களவை தளத்துல உறுப்பினர் பெயரையும் அமைச்சகத்தையும் போட்டுத் தேடினா கேட்ட கேள்வி எல்லாம் வரும். மறுபடியும் நிக்கிற எம்பிக்கு இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

கவுன்சிலர் வேட்பாளர்கிட்டப் போய் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பத்திக் கேட்டா “தலைமை முடிவு பண்ணும்”னு தப்பிச்சுடுவார். எம்பி வேட்பாளர்கிட்ட தெருக் குப்பையைக் கேட்டா “மாநகராட்சி”ம்பார். தப்பிக்கிற வாசலை நாமே திறந்து விடக்கூடாது.

---

புதுவாக்காளர் எழுதியது:

ஒரு சந்தேகம். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும் என்கிறார்கள். அப்படியிருக்க ஒரு எம்எல்ஏ தனியாக ‘சுற்றுச்சூழலுக்கு உறுதி’ கொடுத்து என்ன பயன்?

---

பக்கிங்காம் எழுதியது:

சரியான கேள்வி. அரசியல் சட்டத்தோட பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடை, ஓட்டைத்தான் கட்டுது, வாயைக் கட்டல.

2023-ல வந்த தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டத்தைப் பாருங்க. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம். அந்த இடத்துக்குள்ள ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தா அந்த நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைச்சுக் கொடுக்கலாம்னு வழி செய்யுது. நீர் வரத்தும் போக்கும் குறையக்கூடாதுன்னு நிபந்தனை இருக்கு. ஆனா குறைஞ்சுதா இல்லையான்னு எந்த வருஷத்து மழையை வெச்சு அளக்கிறது? ஏரிங்கறது வெறும் வரத்து, போக்கு ரெண்டு குழாய் இல்லையே. இந்த மாதிரி மசோதா குரல் வாக்கெடுப்புல போயிட்டா யார் எந்தப் பக்கம்னு தாள்ல நிக்காது. உறுப்பினர் எழுந்து எண்ணிக் கணக்கிடும் வாக்கெடுப்பு கேட்கலாம். தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லலாம். திருத்தம் கொடுக்கலாம். இதுல எதுக்கும் பதவி போகாது.

அடுத்தது அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவையில “செய்து தரப்படும்”னு சொன்னா அது உறுதிமொழியா பதிவாகி, நிறைவேறினதான்னு குழு பின்தொடரும். ஒரு எம்எல்ஏ சாமர்த்தியமா கேள்வி கேட்டு அமைச்சர் வாயால அந்தச் சொல்லை வரவழைச்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. “ஏரியைச் சுத்தம் செய்ய அரசு ஆவன செய்யுமா?”ன்னு கேட்டா “பரிசீலனையில் உள்ளது”ன்னு பதில் வரும். “இந்த ஏரியின் எல்லை அளவீடு எந்தத் தேதியில் முடியும்?”னு கேட்டாத்தான் தேதி வரும்.

---

எஃப்எம்பி எழுதியது:

எல்லோரும் அறிக்கையைப் பார்க்கிறீர்கள். நான் படிவம் 26-ஐப் பார்க்கச் சொல்வேன். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணையத்தின் தளத்திலும் செயலியிலும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஊடகங்கள் மொத்தச் சொத்து எத்தனை கோடி, வழக்கு எத்தனை என்பதோடு நிறுத்திவிடுகின்றன. சுற்றுச்சூழலுக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது.

அசையாச் சொத்து அட்டவணையில் விவசாய நிலம், விவசாயமல்லாத நிலம், வணிகக் கட்டடம், குடியிருப்பு என்று தனித்தனியாக வரும். ஒவ்வொன்றுக்கும் இடம், சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, மேம்பாட்டுக்குச் செலவழித்தது, இன்றைய மதிப்பு. தனக்கு, துணைவருக்கு, சார்ந்திருப்பவர்களுக்கு என்று தனித்தனிப் பத்தி. இதில் ‘மேம்பாட்டுச் செலவு’ வரியை விடாதீர்கள். தாழ்வான நிலத்தில் மண் கொட்டி மேடாக்கியிருந்தால் அந்தச் செலவு வரவேண்டிய இடம் இதுதான்.

செய்யவேண்டிய வேலை வரிசையாக:

முதலில் சர்வே எண்ணையும் கிராமப் பெயரையும் எடுத்துக்கொண்டு வருவாய்த்துறையின் இணையச் சேவையில், நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேடு பாருங்கள். வகைப்பாட்டுக் கலத்திலும் குறிப்புக் கலத்திலும் ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால், கழுவெளி என்ற சொற்கள் வருகின்றனவா? அந்த எண்ணில் இல்லாவிட்டாலும் ஒட்டிய எண்ணில் வரலாம். அதற்குத்தான் சர்வே எண்ணின் எல்லையை அளவோடு காட்டும் புலப்பட வரைபடம். பக்கத்து எண் வாய்க்காலாக இருந்து, இவருடைய மதில் அதன் மேலேயே நிற்கிறதா என்று பார்க்க வரைபடத்தை செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் அளவு மீட்டரில் இருக்கும். திசை பெரும்பாலும் வடக்கு மேலே.

இரண்டாவது, பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று. வாங்கிய தேதி சரியா, நடுவில் யாரிடமிருந்து கைமாறியது என்று தெரியும்.

மூன்றாவது, சிஎம்டிஏ-வின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அந்த எண்ணின் நிலப்பயன்பாடு என்ன? விவசாயம், நீர்நிலை, நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று இருந்து, வாங்கிய பிறகு குடியிருப்பாகவோ வணிகமாகவோ மாறியிருந்தால் அங்கே நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். நிலப்பயன்பாட்டு மாற்றத்துக்கு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் கீழ் நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் கிடைக்கும். வாங்கிய தேதிக்கும் மாற்றம் வந்த தேதிக்கும் உள்ள இடைவெளி நிறையச் சொல்லும். அது குற்றத்துக்குச் சாட்சி இல்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க நியாயமான கேள்வி.

நான்காவது, அசையும் சொத்தில் பங்குகள், பிறகு அரசுடன் செய்த ஒப்பந்தங்கள் பற்றிய பகுதி. கிராவல், கல்குவாரி, ரெடிமிக்ஸ், குப்பை அகற்றும் ஒப்பந்தம், வடிகால் ஒப்பந்தம், இவற்றில் பங்கு இருந்தால் ‘தூர்வாருவேன்’ என்ற வாக்குறுதியை வேறு கண்ணோடு படிக்கவேண்டும்.

எங்கே தவறும் என்றும் சொல்லிவிடுகிறேன். சோழிங்கநல்லூர், வேளச்சேரிப் பக்கத்துக் கிராமங்கள் பல முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவை. 2018-ல்தான் சென்னை மாவட்டம் விரிந்தது. பழைய பத்திரமும் பழைய பதிவேடும் பழைய மாவட்டப் பெயரிலேயே இருக்கும். ‘சென்னை’ என்று போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் நிலமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். உட்பிரிவு மாறியிருக்கலாம், நகர நில அளவையில் புது எண் விழுந்திருக்கலாம். தாய் எண்ணைப் போட்டு, பிறகு உட்பிரிவுக்கு வாருங்கள்.

கட்டங்களைக் காலியாக விடக்கூடாது. ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுதவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 125ஏ-வில் 6 மாதம் வரை சிறை. ஒரே ஒரு பெரிய ஓட்டை: அண்ணன் தம்பி, தனியே வாழும் மகன், மகள் பெயரில் இருப்பது படிவத்தில் வராது.

---

முகத்துவாரம் எழுதியது:

தென்சென்னை பற்றி நிறையப் பேசியாயிற்று. எண்ணூருக்கு வாருங்கள்.

இங்கே பட்டா ஆராய்ச்சியைவிட ‘பொது விசாரணை’ப் பதிவுதான் முக்கியம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, விசாரணை தேவைப்படும் திட்டம் எதுவானாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்பாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு தரவேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் வைக்கவேண்டும், சுருக்கம் தமிழில் இருக்கவேண்டும். விசாரணையை முழுக்க வீடியோ எடுக்கவேண்டும். யார் என்ன சொன்னார், திட்டக்காரர் என்ன பதில் சொன்னார் என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதி அங்கேயே வாசிக்கவேண்டும்.

ஆகவே வேட்பாளரிடம் ஒரே கேள்வி: நம் பகுதித் திட்டங்களின் பொது விசாரணையில் உங்கள் பெயர் எந்தக் குறிப்பில் இருக்கிறது? நேரில் போகாதவர் அந்த 30 நாளுக்குள் எழுத்தில் அனுப்பியிருக்கலாம். மேடையில் மீனவர் வாழ்வாதாரம் என்று பேசியது கணக்கில் வராது. அனுமதி வழங்கும் குழுவின் மேஜைக்குப் போவது அந்தக் குறிப்பு மட்டும்தான்.

2023 டிசம்பரை மறக்கக்கூடாது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அலையாத்தி மரங்களின் மூச்சுவேரில் கறுப்பாகப் பூசியது. மூச்சுவேர் அடைபட்டால் மரம் உடனே சாகாது, மெதுவாகச் சாகும். அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து மக்கள் நடு ராத்திரியில் ஓடினார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் பிறகு கேட்கவேண்டியது இழப்பீடு மட்டுமில்லை. ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரகாலத் திட்டம் தமிழில் இருக்கிறதா? எந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடவேண்டும்? காற்று எந்தத் திசை என்று காட்டும் காற்றுப்பை குப்பத்தில் இருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் இருக்கிறதா? ஒத்திகை எப்போது நடக்கும்? ஒரு எம்எல்ஏ இதை முதல் வருடத்திலேயே செய்ய வைக்கலாம். நிதி பெரிதாக வேண்டாம், அக்கறைதான் வேண்டும்.

---

வெயில்மதியம் எழுதியது:

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு பத்தி யாரும் பேசலையே. அங்கே குப்பையை எரிச்சு மின்சாரம் எடுக்கிற எரிஉலை வேண்டாம்னு சொல்ற வேட்பாளர்தான் நல்லவர்னு ஒரு கணக்கு ஓடுது. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. சென்னையில நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல குப்பை வருது. கொடுங்கையூர்ல சுமார் 250 ஏக்கர்ல மலையா நிக்குது. அங்கே தீப்பிடிச்சா வர்ற புகையைவிட, வடிகட்டி வெச்ச உலைப் புகை மேல்தானே?

---

கழுவெளி எழுதியது:

கிடங்குத் தீ மோசமானது என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இரண்டையும் ஒப்பிடும் முன் சில எண்களைப் பார்க்கவேண்டும்.

சென்னைக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. 2016 திடக்கழிவு விதிகள் எரிசக்திக்கு அனுப்பச் சொன்னது கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பத்திறன் உள்ள, மறுசுழற்சிக்கு ஆகாத கழிவை. கலந்த குப்பையில், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து வருவதில், அந்த வெப்பம் கிடைக்காது. உலை தானாக எரியாது. துணை எரிபொருள் ஊற்றவேண்டி வரும். இரண்டாம் அறையில் 950 டிகிரி, 2 விநாடி என்று அந்த விதிகள் கேட்டன. வெப்பம் இறங்கும் நேரத்தில்தான் டையாக்ஸின் கூடும். அந்த டையாக்ஸினை மற்ற வாயுக்களைப் போல 24 மணி நேரமும் திரையில் காட்ட முடியாது. எப்போதாவது மாதிரி எடுத்துத்தான் சோதிக்கிறார்கள்.

கொடுங்கையூருக்குச் சொல்லப்பட்ட கொள்ளளவு நாளுக்கு 2,100 டன். எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சினாலும் நாளுக்கு 400 டன்னுக்கு மேல். அது எங்கே போகும் என்று பதில் இல்லாத வேட்பாளர், கிடங்கை மூடவில்லை, சாம்பல் கிடங்காக மாற்றுகிறார்.

உங்கள் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது: ‘வேண்டாம்’ என்பது மட்டும் கொள்கை ஆகாது. எனவே எதிர்க்கும் வேட்பாளரிடம் ஈரக் குப்பைக்கு என்ன வழி, எத்தனை டன், எந்த இடத்தில் என்று கேட்கவேண்டும். ஆதரிக்கும் வேட்பாளரிடம், தினமும் இத்தனை டன் தருவோம் என்று ஒப்பந்தத்தில் மாநகராட்சி உத்தரவாதம் தருகிறதா என்று கேட்கவேண்டும். தந்தால், வீட்டில் குப்பை பிரிப்பு கூடக்கூட மாநகராட்சிக்கு நட்டம். அப்புறம் பிரிக்கச் சொல்லி யார் வற்புறுத்துவார்?

---

வெயில்மதியம் எழுதியது:

உத்தரவாத விஷயம் நான் யோசிக்காதது. ஒத்துக்கறேன். பயோமைனிங் பத்தியும் இதே மாதிரி கேள்வி இருக்கா?

---

கழுவெளி எழுதியது:

இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் உள்ள பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் சுமார் 225 ஏக்கர். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்தால் மண், கல், எரியும் பிளாஸ்டிக், துணி என்று பிரியும். பிளாஸ்டிக்கை சிமென்ட் ஆலைக்கு அனுப்பவேண்டும். வண்டிச் செலவு யாருடையது என்பதில் வேலை சுணங்கும். சலித்த நுண்மண்ணை ‘நல்ல மண்’ என்று தாழ்வான மனைகளில் கொட்டினால் உலோகமும் பிளாஸ்டிக் துகளும் கூடவே போகும். சோதனை அறிக்கையோடு எங்கே கொட்டப்பட்டது என்ற பட்டியல் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், மீண்ட நிலம் என்ன ஆகும்? சதுப்பாகத் திரும்புமா, நடைபாதை போட்ட பூங்கா ஆகுமா, கட்டடம் ஆகுமா? தண்ணீர் நிற்கும் நிலமாகவே விடுவேன் என்று சொல்பவருக்குத்தான் பள்ளிக்கரணை புரிந்திருக்கிறது.

---

புங்கமரம் எழுதியது:

‘ஒரு லட்சம் மரக்கன்று’ அறிவிப்புக்கு ஒரு சின்னக் கணக்கு. கன்றுக்கு ஒரு முறை 20 லிட்டர், வாரம் இரண்டு முறை. 1,000 கன்றுக்கு வாரம் 40,000 லிட்டர். 10,000 லிட்டர் லாரி நான்கு நடை. ஒரு லட்சத்துக்கு வாரம் 400 நடை. இரண்டு கோடை தாண்டும்வரை. தண்ணீருக்கான தொகையை எந்தத் தலைப்பில் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் கன்று விலையும் கூண்டு விலையும்தான் இருக்கும். கூண்டில் பெயர்ப் பலகை இருக்கும், கன்று இருக்காது.

சென்னை நடைபாதையில் குழி 3 அடிக்கு 3 அடி எடுக்கும்போதே கீழே மின்வடமோ குடிநீர்க் குழாயோ குறுக்கே வரும். ஒன்றரை அடியில் நிறுத்தி நட்டுவிடுவார்கள். வேர் பக்கவாட்டில் ஓடும், மேலே கல் பதிப்பார்கள், அடுத்த புயலில் மரம் கல்லோடு பெயர்ந்து விழும். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது குல்மோகரும் தூங்குமூஞ்சியும் எப்படிச் சாய்ந்தன என்று ஊரே பார்த்தது. புங்கை, பூவரசு, வேம்பு, நாவல், இவற்றை இடம் பார்த்து நடலாம்.

என்னைக் கேட்டால் புதுக் கன்று வாக்குறுதியே வேண்டாம். இருக்கிற மரத்தின் கழுத்தில் இறுகிக் கிடக்கும் காங்கிரீட்டைச் சுற்றிலும் 1 மீட்டர் உடைத்து எடுப்பேன், வார்டு வாரியாக மரக் கணக்கு எடுப்பேன் என்று சொல்லட்டும். 2013-ல் டெல்லி மரங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது இதைத்தான். செலவு குறைவு, பலன் அந்த மழையிலேயே தெரியும்.

இன்னொன்று. சதுப்பிலும் புல்வெளியிலும் ‘அடர்வனம்’ நடுவேன் என்பவரிடம் கவனம். நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் திறந்த நீர்ப்பரப்பும் ஆழமில்லாச் சேறும்தான் வேண்டும்.

---

மடைத்திறப்பு எழுதியது:

ஏரி, வடிகால் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

‘தூர்வாருவேன்’ என்பவரிடம் வரிசை கேளுங்கள். சரியான வரிசை: எல்லை அளந்து கல் நடுவது, உள்ளே வரும் கழிவுநீரை அடைப்பது, வரத்து வாய்க்காலைத் திறப்பது, கலங்கலையும் (மிகைநீர் வழியும் இடம்) மதகையும் சரிசெய்வது, கடைசியில்தான் தூர். நடப்பது தலைகீழ். முதலில் பொக்லைன் இறங்கும், ஏனென்றால் மண்ணுக்கு விலை உண்டு. பிறகு கரையை அகலப்படுத்தி நடைபாதை. அந்த அகலம் ஏரிக்கு உள்பக்கமாகத்தான் வரும், அத்தனை கொள்ளளவு போச்சு. அடியில் உள்ள களிமண் படுகையை உடைத்துவிட்டால் சில ஏரிகளில் தண்ணீர் தங்காமலே போகும். கலங்கல் உயரத்தைக் குறைத்து, பக்கத்து நகர் மூழ்காமல் ‘காப்பாற்றியதாக’ சொல்வதும் உண்டு. அது ஏரியைச் சிறிதாக்குவது. ஆக்கிரமிப்புக்கு இடம் விடுவது.

மழைநீர் வடிகாலுக்கு வெயில்காலச் சோதனை போதும். சித்திரை, வைகாசியில் பத்து நாள் மழையே இல்லாதபோது, வடிகால் ஆற்றிலோ கால்வாயிலோ சேரும் வாயில் போய்ப் பாருங்கள். தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. சாம்பல் நிறம், சோப்பு நுரை, வாயின் விளிம்பில் வெள்ளை இழையாகத் தொங்கும் பாசி போன்ற படலம், மூன்றும் இருந்தால் மேலே எங்கோ கழிவுநீர்க் குழாய் உள்ளே வெட்டி விடப்பட்டிருக்கிறது. வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது. இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். அதை உடைக்கத்தான் மக்கள் பிரதிநிதி வேண்டும்: இரண்டு உதவிப் பொறியாளரையும் ஒரே நாளில் ஒரே மூடிக்கு அருகில் நிற்கவைத்து, இணைப்பு எண் எழுதி, அடைத்த தேதி எழுதுவது.

கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். இவ்வளவு செலவில் கட்டிய கால்வாயில் கழிவுநீர் ஓடினால் மழை வரும்போது இடம் ஏது?

எல்லா இடத்திலும் வடிகால் நல்லதும் இல்லை. ஈசிஆர் ஓரம் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வரிசை மணல் திட்டு. மழை அங்கேயே இறங்கிவிடும். அதுதான் உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் நன்னீர்ப் படுகை. அங்கே காங்கிரீட் கால்வாய் போட்டுக் கடலுக்கு அனுப்பும் கோவளம் வடிநிலத் திட்டப் பகுதியை எதிர்த்துத்தான் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். “தொகுதி முழுக்க வடிகால்” என்று ஒருவர் சொன்னால், மணல் பகுதிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். தயங்கி யோசித்தால் நல்ல அறிகுறி.

---

புதுவாக்காளர் எழுதியது:

இவ்வளவையும் சேர்த்து வேட்பாளரிடம் எழுத்தில் கொடுக்க ஒரு பக்கக் கடிதம் தயார் செய்தால் என்ன?

---

எஃப்எம்பி எழுதியது:

செய்யலாம். ஐந்து கேள்விக்கு மேல் போகவேண்டாம். போனால் பிடித்ததற்கு மட்டும் பதில் வரும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ‘செய்வேன்’, ‘செய்யமாட்டேன்’, தேதி, கையொப்பம் என்று நான்கு இடம் விடுங்கள். தென்சென்னையில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு வரைவு:

1. பள்ளிக்கரணை ராம்சார் எல்லை, சர்வே எண் பட்டியலோடு வெளியாகும்வரை அந்த எண்களில் புதுக் கட்டட அனுமதியை எழுத்தில் எதிர்ப்பீர்களா?
2. முதல் சட்டமன்றக் கூட்டத்தொடரில் வெள்ள மட்ட அளவீடு பற்றிக் கேள்வி கொடுப்பீர்களா?
3. ஒக்கியம் மடுவின் இரு கரையும் அளக்கப்பட்டு எல்லைக் கல் நடப்படும் தேதி என்ன?
4. தொகுதி நிதி 3 கோடியில் நீர்நிலை எல்லை அளவீட்டுக்கும் கழிவுநீர் இணைப்பு அடைப்புக்கும் எவ்வளவு?
5. தொகுதிக்குள் உங்களுக்கோ குடும்பத்துக்கோ நீர்நிலையை ஒட்டிய நிலம் இருந்தால் அதன் புலப்பட வரைபடத்தைப் பொதுவில் வைப்பீர்களா?

சேர்ந்ததற்கான சான்றோடு விரைவு அஞ்சலில் எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் எதிர்க்கட்சி வேலை என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். தேர்தல் அறிக்கை நீதிமன்றத்தில் செல்லாது என்பது உண்மை. ஆனால் வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பரந்த அளவிலாவது காட்டவேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. நான்காவது கேள்வியில் அதைச் சுட்டிக்காட்டலாம்.

வென்ற பிறகு தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் ‘விளக்கம் கேட்க இயலாது’ என்று வரும். “கடிதத்தின் நகல், அதன் மீதான குறிப்புக் கோப்பின் நகல், அளவீட்டு வரைபட நகல்” என்று ஆவணமாகக் கேளுங்கள்.

---

மடைத்திறப்பு எழுதியது:

மூன்றாவது கேள்வியில் ஒரு திருத்தம். சதுப்பிலிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கு நீர் வெளியேறும் வழி அந்த மடுவு. கடிதத்தில் வெறும் ‘ஒக்கியம் மடுவு’ என்று விடாமல், வருவாய்க் கிராமம் ‘ஒக்கியம் துரைப்பாக்கம்’ என்றும் சேர்த்து எழுதுங்கள். அளவீடு வருவாய்த்துறை, மடுவு நீர்வளத்துறை. இரண்டுக்கும் தனித்தனி மனு. பின்னால் தகவல் உரிமையில் கேட்கும்போதும் கிராமம் இல்லாவிட்டால் “எந்தக் கிராமம் எனத் தெளிவுபடுத்தவும்” என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் ஐப்பசி வந்துவிடும்.